ஒட்டுத் தெரியாத தரை

வண்டியை வீடாக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கட்டிலைப் பற்றித்தான் பேசுவார்கள். அப்புறம் அடுப்பு. அப்புறம் ஜன்னலுக்கு என்ன திரை என்று என் தையல் கடைக்கு வருவார்கள். தரையை யாரும் நினைப்பதில்லை. காலுக்குக் கீழே கிடப்பது யார் கண்ணில் படுகிறது, சொல்லுங்கள். எல்லாம் முடிவான பிறகு, "ஆமா, கீழே என்ன போடறது?" என்று தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்துத் தகரக் கொட்டகைக்குப் போய் நிற்பார்கள்.

கொட்டகை தரைக்காரருடையது. இருபது வருஷம் வீடுகளுக்குத் தரை போட்டவர். முழங்கால் இரண்டும் காய்த்துப் போய் ஒட்டகத்தின் முட்டி மாதிரி இருக்கும். வண்டிகளுக்குப் போட ஆரம்பித்து இரண்டு வருஷம்தான். அதற்குள் பெயர் வந்துவிட்டது. வண்டியின் உள்ளே சக்கரம் புடைத்துக்கொண்டு நிற்கும், கதவடியில் படி இறங்கும், மூலைக்கு மூலை வளைவு. மற்றவர்கள் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவார்கள். இவர் கதவிலிருந்து கடைசிக் கட்டில் வரைக்கும் ஒரே விரிப்பாகப் போடுவார். ஒட்டு எங்கே என்று தடவித்தான் பார்க்க வேண்டும், தடவினாலும் கிடைக்காது.

அதில் பாதிப் பெருமை அவர் மனைவிக்கு. தரைக்காரம்மா பெரிய அட்டைகளை வண்டிக்குள் பரப்பி, மண்டியிட்டு, பென்சிலால் ஓரம் ஓரமாகக் கோடு இழுத்து வெட்டுவாள். வெட்டின அட்டையை வெளியே எடுத்து விரித்தால் வண்டி சட்டை உரித்துப் போட்ட மாதிரி இருக்கும். அதை வைத்து அவள் விரிப்பை அறுப்பாள், அவர் ஒட்டுவார். வேலை நேரத்தில் இரண்டு பேரும் அதிகம் பேசமாட்டார்கள். "ம்" என்பாள், நகர்வார்.

அந்த வருஷம் வெயில் காலம் முடிகிற சமயத்தில் தரைக்காரம்மாவின் கூடப் பிறந்த அக்காவும் அவள் புருஷனும் ஒரு பழைய வேனை வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அக்கா ஆஸ்பத்திரியில் முப்பத்து மூன்று வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அவள் புருஷனை எல்லோரும் ஆபீசர் என்பார்கள். பென்ஷன் வாங்குகிறவர்தான், ஆனால் நடையில் இன்னும் நாற்காலி இருக்கும். கொழுந்தியாள் ஒரு தரை போடுகிறவரைக் கட்டிக்கொண்டது அவருக்கு ஆதியிலிருந்தே ஒப்பவில்லை. கல்யாணப் பந்தியிலேயே சகலையைத் "தரை டிக்கெட்" என்று ஒரு தடவை சொன்னார், அது அப்படியே நின்றுவிட்டது. சொந்த வீடு கட்டினபோது தரைக்கு வேறு ஆளைக் கூப்பிட்டார். தரைக்காரருக்கு அது ஒரு முள்ளாகவே உள்ளே இருந்தது.

அப்படிப்பட்டவர் தானாக வந்து கொட்டகை வாசலில் நிற்கிறார். தரைக்காரர் அன்று காலை இரண்டு தடவை முகம் கழுவினார். நான் பார்த்தேன்.

மாதிரித் துண்டுகளை எல்லாம் பெஞ்சில் பரப்பினார்கள். மரப்பலகை, டைல்ஸ், கம்பளம், கோத்து மாட்டுகிற பலகை, தக்கைத் தகடு, வினைல் விரிப்பு.

"எனக்கு மரம்தான் வேணும்," என்றாள் நர்ஸ் அக்கா. "ஆஸ்பத்திரி மொசைக்ல நின்னு நின்னு குதிகால்ல உயிரே இல்ல. இனிமே மரத்துலதான் நடப்பேன்."

"மரம் வேணாம் அண்ணி. மழையில உள்ளே வருவீங்க, ஈரக் காலோட. தண்ணி குடிச்சா மரம் ஊதும். அடுத்த வெயில்ல சுருங்கும். ஊதிச் சுருங்கி ஊதிச் சுருங்கி, ஆறு மாசத்துல கிழவன் பல்லு மாதிரி இடைவெளி விழுந்துடும்."

"யாரைச் சொல்றே?" என்றார் பல்கட்டு வைத்திருந்த ஆபீசர்.

"ஐயோ, உங்களைச் சொல்லலைண்ணே."

"டைல்ஸ் போடு சகலை. நம்ம வீட்டு ஹால்ல இருக்கே, அதே மாதிரி பளபளன்னு. உள்ளே வர்றவனுக்கு வண்டின்னே தெரியக் கூடாது."

"வீடு நிக்கும்ணே, வண்டி ஓடும். முன் சக்கரம் பள்ளத்துல இறங்கினா பின்பக்கம் வேற மாதிரி முறுக்கும். டைல்ஸ் முட்டை ஓடா நொறுங்கிடும். அப்புறம் எடை. டைல்ஸ் போட்டா மேடு வர்றப்பல்லாம் அண்ணியை இறக்கி விட்டுட்டுத்தான் ஏறணும்."

"என்னை எதுக்கு இறக்கணும்? இவர் தொப்பையை இறக்கினா போதும்," என்றாள் நர்ஸ் அக்கா.

தரைக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"சரி, இது?" ஆபீசர் கம்பளத்தைக் காலால் தள்ளினார்.

"ஒரு தடவை நனைஞ்சா போதும் மாமா. நாய் குளிச்சுட்டு வந்து படுத்த மாதிரி ஒரு வாடை. போகவே போகாது," என்றாள் தரைக்காரம்மா.

"இந்தப் பலகை அழகா இருக்கே," என்றாள் நர்ஸ் அக்கா.

"அழகுதான் அண்ணி. ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கும். ஆனா அலமாரியை மேல வெச்சு அழுத்திட்டா வெயில்ல விரிய இடம் இருக்காது. நடுவுல திமில் மாதிரி எழும்பும். பள்ளத்துல விழறப்பல்லாம் கீச்சு கீச்சுன்னு கத்தும். வண்டிக்குள்ள எலிப் பண்ணை வெச்ச மாதிரி."

அதற்கப்புறம் சோதனை. தரைக்காரர் வாயால் சொல்வதோடு விடமாட்டார், மாதிரித் துண்டிலேயே செய்து காட்டுவார். சூடான வாணலியை வைத்துக் காட்டினார். மணலைத் தூவி நாற்காலியை இழுத்தார். சாவிக்கொத்தை மேலேயிருந்து போடச் சொன்னார், ஆபீசர் ஏதோ திறப்பு விழா மாதிரி போட்டார். கடைசியில் எல்லாத் துண்டையும் வரிசையாகத் தரையில் வைத்து, நர்ஸ் அக்காவைச் செருப்பைக் கழற்றச் சொன்னார்.

"கண்ணை மூடிட்டு நடங்க அண்ணி. கண்ணு கலரைப் பாத்து ஏமாந்துடும்."

அவள் தங்கை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டைல்ஸில் "ஸ்ஸ்" என்றாள். தக்கையின் மேல் வினைல் விரித்த துண்டு வந்ததும் நின்றாள். இரண்டு காலையும் அதன் மேல் சேர்த்து வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"இது என்ன இது, யாரோ உள்ளங்கையில தாங்கற மாதிரி இருக்கு."

"கீழே தக்கை, குளிரும் சூடும் ஏறாது. மேலே வினைல், ஒரு சொட்டுத் தண்ணி இறங்காது. ஒரே விரிப்பு. டீச்சர் வண்டிக்குப் போட்டது இதேதான்," என்றார் தரைக்காரர். தரைக்காரம்மா போனை எடுத்துப் படம் காட்டினாள். பத்து நாளைக்கு முன்பு போட்டுக் கொடுத்த வண்டி. ஒரு டீச்சரம்மா, அவர் கணவர், ஏழு வயதுப் பேத்தி, மூன்று பேரும் ஊர் சுற்றக் கிளம்பினார்கள். படத்தில் அந்தக் குழந்தை புதுத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு இரண்டு கையையும் நீட்டியிருந்தது.

ஆபீசர் படத்தைப் பெரிதாக்கி ஓரம் ஓரமாகப் பார்த்தார். தேடினார். ஒட்டு கிடைக்கவில்லை.

"பரவாயில்லையே சகலை."

இருபது வருஷத்தில் முதல் "பரவாயில்லையே". தரைக்காரர் குனிந்து, சுத்தமாக இருந்த பெஞ்சைத் துடைத்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கேஸ்காரர் வந்தார். அடுப்புக்குக் குழாய் இழுக்கிறவர். வேனுக்குள் ஏறி, அடுப்பு வரும் இடத்தைக் கேட்டு, அதற்குக் கீழே பலகையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு வட்டம் போட்டார் சாக்பீஸால். துளைக்கிற மெஷினை எடுத்தார்.

தரைக்காரர் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "யோவ், என்ன பண்றே?"

"ஓட்டை போடறேன்."

"விரிப்பு வரப்போற இடம்யா இது."

"விரிப்புலயும்தான் வரும் ஓட்டை. கையை எடுங்க."

"எதுக்குய்யா? கீழே இருந்து தூசியும் எறும்பும் வர்றதுக்கா?"

கேஸ்காரர் மெஷினைக் கீழே வைத்தார். நிதானமான மனுஷர். "கேஸ் கசிஞ்சா எங்க போகும்னு நினைக்கறீங்க?"

"மேலே போகும். புகை மாதிரி."

"அதான் இல்ல. அது காத்தை விடக் கனம். தண்ணி மாதிரி கீழே இறங்கித் தரையோட தரையாப் படுத்துக்கும். ராத்திரி பூரா சொட்டுச் சொட்டாச் சேரும். காலையில டீ போடலாம்னு ஒருத்தர் லைட்டரைத் தட்டினா, வண்டியும் இல்ல, வண்டியில இருந்தவங்களும் இல்ல. இந்த ஓட்டை இருந்தா அது பாட்டுக்கு ரோட்டுல கொட்டிட்டுப் போயிடும்."

"ஜன்னலைத் திறந்து வெச்சா போதாதா?" என்று கேட்டார் ஆபீசர்.

"ஜன்னல் உங்க தோளுக்கு இருக்கு சார். இது உங்க கணுக்காலுக்குக் கீழே கிடக்கும். ஜன்னலைத் திறந்தா கொசுதான் உள்ளே வரும்."

தரைக்காரர் குனிந்து சாக்பீஸ் வட்டத்தைப் பார்த்தார். "பழைய வண்டியிலயும் இந்த ஓட்டை இருக்குமா?"

"உள்ளே கேஸ் இருந்தா இருந்தே ஆகணும். அடுப்புக்கடியில, கம்பி வலை போட்டு. சில அறிவாளிங்க தூசி வருதுன்னு அடைச்சு வெச்சுடுவானுங்க."

"அந்த மாதிரி ஆளைப் பிடிச்சு உள்ளே உக்கார வெச்சுக் கொளுத்தணும்," என்று ஆபீசர் சிரித்தார்.

எல்லோரும் சிரித்தார்கள். தரைக்காரரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைத்தான் பிற்பாடு அவரால் தாங்க முடியவில்லை என்று தரைக்காரம்மா என்னிடம் சொன்னாள்.

நடந்தது இதுதான். டீச்சர் வண்டி பழையது. அடுப்பும் அலமாரியும் ஏற்கெனவே இருந்தன. பழைய தரையைப் பெயர்த்தபோது அடுப்பு அலமாரிக்கு உள்ளே ஒரு ஓட்டை இருந்தது, துருப்பிடித்த வலை, வலை முழுக்க அழுக்கு. அதுவரை அவர் தரை போட்ட வண்டிகளில் எல்லாம் கரண்ட் அடுப்பு. இந்த ஓட்டையை அவர் பார்த்ததே இல்லை. எந்தக் காலத்திலோ ஏதோ குழாய் போன வழி, யாரோ சோம்பேறி அடைக்காமல் விட்டுவிட்டான் என்று நினைத்தார். டீச்சரும், "கீழேயிருந்து எறும்பு வருது" என்று சொல்லியிருந்தார். தரைக்காரம்மா பலகையில் ஒரு வட்டம் வெட்டிக் கொடுத்தாள். ஒரு மயிரிழை இடைவெளி கூட இல்லாமல் அச்சாகப் பொருந்தியது. பசை தடவித் தட்டி இறக்கினார். மேலே தக்கை. அதன் மேல் ஒரே விரிப்பு, அலமாரிக்கு உள்ளேயும் போகிற மாதிரி. "சோம்பேறி விட்ட வேலையை நாம முடிச்சோம்" என்று அன்றைக்கு இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள்.

கேஸ்காரர் துளைத்துக்கொண்டிருக்கும்போது தரைக்காரர் கொட்டகைக்குப் பின்னால், குழாயடிக்குப் போனார். மனைவி பின்னாலேயே வந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது.

"ஏங்க, நான் வெட்டின வட்டம்..."

"ம்."

"போன் பண்ணுங்க."

பண்ணினார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி பண்ணினார். மறுபடி அதே குரல்.

"உங்க மாமா கிட்ட சொல்லிடவா?" என்று அவர் கேட்டார். கேட்டது மாதிரி இல்லை, வேண்டாம் என்று அவள் சொல்ல வேண்டும் என்று கெஞ்சின மாதிரி இருந்தது.

அவள் கொஞ்சம் யோசித்தாள். "இப்ப வேணாங்க. அக்கா உள்ளே இருக்கா. இப்பத்தான் மாமா ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லியிருக்காரு. முதல்ல டீச்சரைப் பிடிச்சுச் சொல்லிடுவோம். அவங்க சிலிண்டரை மூடிட்டா தீந்துது. யாருக்கும் தெரிய வேணாம்."

கெட்ட மனசு இல்லை இரண்டு பேருக்கும். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு மானத்தை ஒரு பகல் மட்டும் ஒளித்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள், அவ்வளவுதான்.

பகல் முழுக்க வேலை நடந்தது. அக்கா தங்கை சேர்ந்து அட்டை வெட்டினார்கள். தரைக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை குழாயடிக்குப் போனார். "என்ன சகலை, சர்க்கரையா? செக் பண்ணு," என்றார் ஆபீசர். மத்தியானம் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மேற்கே மேகம் கட்டியது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு, வெளியே போட்டிருந்த விரிப்புச் சுருளை மழைக்கு முன்னால் உள்ளே உருட்டி வருகிறபோது, டீச்சர் போனை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஆபீசர் அவர் தோளுக்குப் பக்கத்தில் சுருளின் மறு முனையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஹலோ, டீச்சரம்மா?"

"யாரு, தரைக்காரரா! உங்களுக்கு ஆயுசு நூறு. இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசினோம்." வகுப்பறைக் குரல், போன் இல்லாமலே கேட்கும். "கிளம்பறப்ப சொன்னேனே, அந்த ஏரிக்கரையிலதான் நாலு நாளா நிக்கறோம். சிக்னலே இல்ல, மேட்டுக்கு ஏறி வந்தேன்."

"தரை... தரை எப்படிம்மா இருக்கு?"

"தங்கமா இருக்கு. பேத்தி கட்டில்ல படுக்கவே மாட்டேங்கறா. மெத்தையைக் கீழே இழுத்துப் போட்டு உங்க தரையிலதான் தூக்கம். கன்னத்தை வெச்சா கதகதன்னு இருக்காம்."

ஆபீசருக்கும் கேட்டது. புருவத்தைத் தூக்கிக் கட்டைவிரலைக் காட்டினார்.

"அப்படியாம்மா," என்றார் தரைக்காரர். "சந்தோஷம்."

அந்தப் பக்கம் காற்றடிக்கிற சத்தம்.

"அம்மா, சமைக்கும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்குங்க."

"ஏன், என்ன?"

ஆபீசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சும்மாத்தான். புதுப் பசை. வாடை இருக்கும்."

"அதானே பாத்தேன்! ரெண்டு நாளா ஏதோ வாடை. நான் இவர் சாக்ஸ்னு திட்டிட்டே இருக்கேன். பாவம் மனுஷன். பசையா அது?"

தரைக்காரர் வாயைத் திறந்தார். "அம்மா, அது..." என்றார். போன் கட்டாகிவிட்டது. மறுபடி போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே.

"உன் தரையைக் கொண்டாடறாங்களே சகலை," என்று ஆபீசர் முதுகில் தட்டினார்.

கொட்டகை வாசலில் ஆபீசரின் கார் நின்றது. ஏரிக்கரைக்கு மூன்று மணி நேரம். கேட்டால் கொடுத்திருப்பார். எதற்கு என்று கேட்டிருப்பார். தரைக்காரர் காரைப் பார்த்தார், சுருளைப் பார்த்தார். பிறகு சுருளின் தன் பக்கத்து முனையைத் தூக்கினார். மழை பிடித்துக்கொண்டது. அக்காவும் ஆபீசரும் அங்கேயே சாப்பிட்டுவிட்டு, மழை விட்ட பிறகு கிளம்பினார்கள்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் தூங்கவில்லை. பஸ் இருந்தது விடிகாலை ஐந்துக்குத்தான்.

பஸ்ஸில் தரைக்காரம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழி பூராவும் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தாள். கருவிப் பை அவர் மடியில். வெயில் ஏறின பிறகு ஆபீசர் போன் பண்ணினார்.

"எங்கய்யா ரெண்டு பேரும்? கொட்டகை பூட்டியிருக்கு."

தரைக்காரர் சொன்னார். ஓட்டை, வட்டம், விரிப்பு, பசை என்று சொன்ன பொய், எல்லாம் சொன்னார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

ஆபீசர் கேட்டார், கோபத்தில் இல்லை, நிஜமாகவே விளங்காமல் கேட்டார்.

"நேத்து ஏன்டா சொல்லல? கார் வாசல்லயே நின்னுச்சே."

தரைக்காரர் போனை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.

ஏரிக்கரையில் சேறு. வண்டிகள் போகிற பாதையெல்லாம் தண்ணீர் தேங்கியிருந்தது. டீச்சர் வண்டி ஒரு மரத்தடியில் நின்றது, கதவு சாத்தி, ஜன்னல் எல்லாம் சாத்தி. வெளியே மடக்கு நாற்காலியில் டீச்சரும் அவர் கணவரும் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தார்கள்.

"அட! என்ன இது, ரெண்டு பேரும்? மழையில ஜன்னலைத் திறக்கவே முடியலைங்க, தப்பா நினைக்காதீங்க," என்று சிரித்துக்கொண்டே எழுந்தார் டீச்சர். "பேத்தி இன்னும் எழுந்திருக்கல. தலை வலிக்குதுங்கறா. இருங்க, ஒரு டீ போடறேன்."

கதவைத் திறந்து படியில் கால் வைத்தார். சட்டைப்பையில் செருகுகிற பேனா மாதிரி லைட்டர் கையிலேயே இருந்தது.

"தொடாதீங்க!"

தரைக்காரர் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. ஏரியில் நின்ற கொக்கு எழும்பிப் போனது. அவர் சேற்றில் ஓடி, டீச்சரை ஒதுக்கிவிட்டு, உள்ளே போய் மெத்தையோடு அந்தக் குழந்தையைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தை தூக்கக் கலக்கத்தில் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மரத்துக்கு அப்பால் கொண்டுபோய் தரைக்காரம்மாவிடம் கொடுத்தார். திரும்பி வந்து சிலிண்டரை மூடினார். பின்கதவு, முன்கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டு வெளியே வந்து நின்றார். மூச்சு வாங்கியது.

"என்னப்பா ஆச்சு?" என்றார் டீச்சரின் கணவர்.

"சொல்றேன் சார். முதல்ல காத்து உள்ளே போகட்டும்."

அரை மணி நேரம் யாரும் உள்ளே போகவில்லை. அப்புறம், முதல் நாள் கேஸ்காரர் வேன் குழாய்க்குச் செய்து காட்டியபடி, ஒரு டம்ளரில் சோப்பு நுரை அடித்துக்கொண்டு போனார். ரப்பர் குழாய் சிலிண்டரோடு சேருகிற இடத்தில் தடவி, சிலிண்டரைக் கொஞ்சமாகத் திறந்தார். டீச்சர் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இணைப்பின் ஓரத்தில் கடுகளவுக்கு ஒரு குமிழி வந்தது. மெதுவாகப் பட்டாணி அளவானது. உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று.

மூடினார்.

அடுப்பு அலமாரியைத் திறந்து, உள்ளே படுத்து, விரிப்பைத் தடவினார். ஓட்டை இருந்த இடத்தை அவராலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவு சுத்தமான வேலை. வண்டிக்கு அடியில் சேற்றில் மல்லாந்து நுழைந்து, கீழேயிருந்து பலகையைத் தட்டினார். மேலே அவர் மனைவி சத்தம் வந்த இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்தாள். பிறகு வெளியே வந்து மேலே ஏறி, கொக்கிக் கத்தியால் விரிப்பை அறுத்தார். தக்கையைச் சுரண்டினார். உளியை வைத்து ஒரு அடி, இரண்டு அடி. மூன்றாவதில் வட்டம் கழன்று வலையையும் இழுத்துக்கொண்டு சேற்றில் விழுந்தது. ஓட்டை வழியே வெளிச்சமும் ஈர மண்ணும் தெரிந்தன. பையிலிருந்து புது வலை எடுத்து, நாலு திருகாணி போட்டு முறுக்கினார்.

எல்லாம் செய்துகொண்டே சொன்னார். எதற்கு அந்த ஓட்டை, தான் என்ன நினைத்தார், எப்படி அடைத்தார் என்று.

டீச்சர் கேட்டுக்கொண்டு நின்றார். "தெரியாமச் செஞ்சது," என்றார் கடைசியில். "நான்கூட எறும்புன்னு சொன்னேன். தெரியாததுக்கு என்ன பண்ண முடியும்."

அவர் கணவர், "நல்ல வேளை ஓடி வந்தீங்க," என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். இரண்டு பேரும் நல்லவர்கள். தரைக்காரர் திருகுளியைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் எதையோ யோசித்தார். "எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

தரைக்காரர் நிமிரவில்லை. "நேத்தும்மா."

"நேத்து எப்ப?"

"காலையில. பத்து மணிக்கு."

"நீங்க எனக்குப் போன் பண்ணது சாயங்காலம்."

"ஆமாம்மா."

"இவ கீழே படுக்கறான்னு சொன்னேன். நீங்க சந்தோஷம்னு சொன்னீங்க." டீச்சரின் குரல் உயரவே இல்லை. பாடம் நடத்துகிற மாதிரி, ஒவ்வொன்றாக வரிசைப்படுத்தினார். "வாடை வருதுன்னு சொன்னேன். பசைன்னு சொன்னீங்க."

தரைக்காரம்மா குழந்தையோடு படியருகே வந்துவிட்டாள். "நான்தான் டீச்சர், அப்ப யார்கிட்டயும் சொல்ல வேணாம்னேன். எங்க மாமா இருந்தாரு. வட்டம் வெட்டினதும் நான்தான்."

"நீ சும்மா இரு," என்றார் தரைக்காரர். "போன் என் கையிலதான் இருந்துச்சு."

டீச்சர் அவரைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. உள்ளே ஏறி, தரையில் கிடந்த போர்வையையும் தலையணையையும் பொறுக்கி உதறி, மடித்துக் கட்டிலில் வைத்தார். மடித்ததையே மறுபடி பிரித்து மடித்தார். தரைக்காரர் வாசற்படியில் கருவிப் பையோடு நின்றார். போகவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை.

குழந்தைக்குத் தலைவலி தெளிந்துவிட்டிருந்தது. தரைக்காரம்மாவின் பிடியிலிருந்து நழுவி உள்ளே ஓடி, அலமாரிக்குள் தலையை விட்டுப் புது ஓட்டையைப் பார்த்தது. "ஏய், மண்ணு தெரியுது!" என்றது. பிறகு கட்டிலில் மடித்து வைத்த போர்வையைப் பார்த்து முகம் மாறியது.

"பாட்டி, நான் இன்னிக்கும் கீழேதானே படுப்பேன்?"

டீச்சர் தலையணையைத் தட்டிச் சரி செய்தார்.

"பாட்டி, கீழேதானே?"

"அவரைக் கேளு," என்றார் டீச்சர், திரும்பாமல். "அவருக்குத்தான் தெரியும்."

குழந்தை வாசற்படிக்கு வந்தது. வெறுங்கால். தரைக்காரர் அந்தக் கால்களைப் பார்த்தார்.

"மேலே படுத்துக்க கண்ணு."

"ஏன்? இது நீங்க போட்ட தரைதானே?"

"ஆமா கண்ணு, நான் போட்டதுதான்," என்றார் தரைக்காரர். "அதனாலதான் சொல்றேன்."